தண்ணீர் எங்கே நிற்கிறது? வீட்டுக் குழாய் அடைப்பை அறிகுறி பார்த்து எடுக்கும் முறை

எங்கள் வீட்டுக்குக் குழாய் வேலைக்கு வருகிற பெரியவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற முதல் கேள்வி: "தம்பி, கடைசியா உள்ள என்ன ஊத்துனீங்க?" எங்கே அடைப்பு, எத்தனை நாளாக என்பதெல்லாம் அப்புறம்தான். அவருடைய முன்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளுத்த தழும்பு இருக்கிறது. ஏதோ ஒரு வீட்டில் காஸ்டிக் பவுடரைப் போட்டுவிட்டு, அதைச் சொல்லாமலே சிங்க்கைக் கழற்றச் சொன்னதில் வந்தது அது.

தண்ணீர் நின்றதும் நம் கை ஆசிட் பாட்டிலைத் தேடுகிறது. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் தள்ளிப்போடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது, என்ன சத்தம் வருகிறது என்று பார்த்தாலே அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இடம் தெரிந்தால் மருந்தே தேவைப்படாது.

ஒரே இடமா, வீடு முழுக்கவா?

கையில் எதையும் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். சமையலறை சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் நின்றால், அடைப்பு அதற்குக் கீழேயே, அநேகமாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் நின்றால், அவை எல்லாம் சேர்கிற பொதுக் குழாயிலோ, வெளியே சேம்பரிலோ (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சின்னத் தொட்டி) இருக்கிறது. அப்போது சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து எவ்வளவு போராடினாலும் பலன் இல்லை. நேராகக் கீழே "பிளஷ் செய்தால் குளியலறைத் தரையில்" என்று தொடங்கும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் குழாயையே திறக்காதபோது உங்கள் குளியலறையில் சோப்பு நுரை பொங்கி வந்தால் அது மேல்வீட்டுத் தண்ணீர். பொதுக் குழாயின் அடியில் அடைத்திருக்கிறது. முதல் வேலை, மேலே போய்க் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் தண்ணி புழங்காதீங்க" என்று சொல்வது.

சிங்க்கில் தண்ணீர் நாளுக்கு நாள் மெதுவாக இறங்குகிறது

வீட்டு அடைப்புகளில் அடிக்கடி வருவது இதுதான். சிங்க்குக்கு அடியில் குடுவை மாதிரி தொங்குகிறதே, பாட்டில் ட்ராப், அதை ஒரு முறை கழற்றிப் பார்த்தவர்களுக்குக் காரணம் மறக்காது. அடியில் வெள்ளைச் சேறு இறுகிக் கிடக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டியிலும் பவுடரிலும் கலந்திருக்கிற கல்மாவு அது. தண்ணீரில் கரையாது, கனமாக இருப்பதால் ட்ராப்பின் அடியில் தங்கிவிடும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, தேங்காய்த் துருவல், காபித் தூள், இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், ஸ்கிரப்பரிலிருந்து உதிர்ந்த நார் எல்லாம் அடுக்கடுக்காக உட்காரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், மார்கழிக் காலையில் வெளிச்சுவரில் ஓடும் குழாயில் அது மெழுகாகவே படியும்.

எடுப்பது சுலபம். ட்ராப்புக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். குடுவையின் கீழ்ப்பாகத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். இறுகியிருந்தால் பழைய துணியைச் சுற்றித் திருகுங்கள். ரெஞ்சைப் போட்டு நெரித்தால் பிளாஸ்டிக் வெடிக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. சேற்றைக் குப்பைக் கவரில் வழித்துப் போடுங்கள். பக்கத்துக் குளியலறைத் தரையில் கொட்டினால் அடைப்பு அங்கே குடிபோகும்.

ட்ராப் கையில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். வாளி அடியில் இருக்க, சிங்க்கில் ஒரு செம்புத் தண்ணீர் விடுங்கள். தடையில்லாமல் வாளியில் விழுந்தால் சிங்க்கின் வாயும் ஜாலியும் சுத்தம். ட்ராப்பையும் கழுவிவிட்டீர்கள். திரும்ப மாட்டிய பிறகும் மெதுவாக இறங்கினால் அடைப்பு அதற்கு அப்பால், சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகிற குழாயில் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

இது திரும்ப வராமல் இருக்க நான் கண்டவரை இரண்டு பழக்கம் போதும். ஒன்று, பிசுக்குப் பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுத்தான் சிங்க்கில் போடுவது. தீபாவளிப் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் சேர்த்து மூடிக் குப்பையில் போடுங்கள். இரண்டு, சோறு வடித்த கஞ்சி. கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் வடிப்பது பல வீடுகளில் வழக்கம். பி.வி.சி. குழாய் 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். தினமும் கொதிகஞ்சி பட்டால் நடுவில் தொய்ந்து பள்ளமாகும். கஞ்சியோ ஆறியதும் பசையாக ஒட்டும். தனியாக வடித்து ஆறவைத்து மாட்டுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் பருத்திப் புடவைக்குப் போடுங்கள். அதே காரணத்துக்காக, பிசுக்கை இளக்க வெந்நீர் விடும்போதும் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், கொதிநீர் வேண்டாம்.

சிங்க் ஒரேயடியாக நின்றுவிட்டது

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ரப்பர் பம்பு, அதாவது பிளஞ்சர். பலர் இதை வெறும் தொட்டியில் வைத்துக் குத்திவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். ரப்பர்க் கிண்ணம் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அழுத்தம் அடைப்பு வரை போய்ச் சேர்வது அதனால்தான். சிங்க்கில் பக்கத்துத் தொட்டியோ, மேலே வழிந்தோடும் ஓட்டையோ இருந்தால் ஈரத்துணியைத் திணித்து அடைத்துவிடுங்கள். பிறகு இருபது முறை மேலும் கீழும். கீழே அழுத்துவதைவிட மேலே இழுப்பதில்தான் அடைப்பு ஆட்டம் காணும். வெறிகொண்டு குத்த வேண்டாம், பாட்டில் ட்ராப்பின் இணைப்பு விட்டுப்போகும்.

அதற்கும் மசியாவிட்டால் ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிங் ஒயர் கிடைக்கும். கைப்பிடியோடு ஐந்து மீட்டர் இருப்பதாக வாங்கிக்கொள்ளுங்கள். ட்ராப்பைக் கழற்றிவிட்டுச் சுவர்க் குழாய்க்குள் நேராக விடுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். தட்டுப்படும் இடத்தில் முட்டித் தள்ளாமல் அங்கேயே சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் அதே திசையில் சுற்றியபடி மெதுவாக இழுங்கள். திசையை மாற்றினால் முனையில் மாட்டிய அழுக்கு அங்கேயே நழுவிவிடும்.

ஆசிட், காஸ்டிக், சோடா மாவு

குளியலறை கழுவ விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புத் தண்ணீர்க் கறையை அது கரைக்கும். தலைமுடியையும் கொழுப்பையும் அது ஒன்றும் செய்யாது, அடைப்பிலோ பெரும்பகுதி அவை இரண்டும்தான். ஆக, அடைப்பு அப்படியே இருக்க, டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டும் சேம்பரின் பூச்சும் சிங்க்கின் எவர்சில்வர் ஜாலியும் அரித்துப்போகும்.

அடைப்பு எடுக்கும் பவுடர்களில் பெரும்பாலானவை காஸ்டிக் சோடா. கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும், முடியையும் சிதைக்கும். மெதுவாக ஓடும் குழாய்க்கு, பாக்கெட்டில் சொன்ன அளவில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எப்போதாவது பயன்படுத்தலாம். முழுக்க அடைத்த குழாயில் போடவே கூடாது. ஓட வழி இல்லாமல் அங்கேயே தங்கிச் சூடாகும், சில சமயம் கல்லாக இறுகும். அப்புறம் பிளஞ்சர் போட்டால் முகத்தில் தெறிக்கும். அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

ஒன்று பலிக்கவில்லை என்று அதன்மேல் இன்னொன்றை ஊற்றுவதுதான் உயிருக்கு ஆபத்து. ஆசிட்டோ, கழிப்பறை கழுவும் அமில திரவமோ, பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கிவிடும். காஸ்டிக்கும் ஆசிட்டும் சேர்ந்தால் கொதித்துச் சீறும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சோடா மாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பதைப் பார்க்க நம்பிக்கை வரும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீராகிவிடுகின்றன. நாற்றம் கொஞ்சம் குறையும், அடைப்பு போகாது.

குளிக்கும்போது தரையில் தண்ணீர் தேங்குகிறது

முடி. கூடவே சோப்பு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் தயிர்த் திரி மாதிரி திரியும். அந்தத் திரி முடியைச் சேர்த்துக் கட்டிக் கயிறாக்கிவிடும். எண்ணெய்க் குளியலும் சீயக்காய்த் தூளும் அதன்மேல் பூச்சு. இன்னொன்று, ஷாம்பு பாக்கெட்டைக் கடித்துக் கிழிக்கும்போது விழுகிற அந்தச் சின்ன மூலை. ஒரு முறை எங்கள் குளியலறைக் குழாயிலிருந்து அப்படிப் பதினேழு துண்டு வந்தது.

ஜாலியைத் தூக்குங்கள். கீழே நானி ட்ராப்பில், அதாவது தரைக் குழாயின் ட்ராப்பில், கவிழ்ந்த கிண்ணம் ஒன்று இருக்கும், அதையும் தூக்குங்கள். முனையை வளைத்த கம்பியால் முடியை இழுத்தால் கொத்தாக வரும். உள்ளே தள்ளாதீர்கள். கையுறையும் பழைய பல்துலக்கும் பிரஷும் இருந்தால் பத்து நிமிட வேலை. மாதம் ஒரு முறை செய்தால் ஆள் கூப்பிடவே வேண்டியதில்லை.

முடிந்ததும் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். தண்ணீர் வேகமாகப் போகிறதே என்று அதை எடுத்து மூலையில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த அறிகுறி அதனால்தான் வருகிறது.

தண்ணீர் நன்றாகப் போகிறது, நாற்றமும் கரப்பானும் மட்டும் வருகின்றன

ட்ராப் என்பதன் முழு வேலையே கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைப்பதுதான். ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் ஒரு மூடி மாதிரி நின்று, சாக்கடை வாயுவையும் பூச்சியையும் தடுக்கிறது. கிண்ணம் இல்லாவிட்டால் அந்த மூடி இல்லை. பூட்டிக் கிடக்கும் விருந்தினர் குளியலறையிலும், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன வீட்டிலும் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நாற்றத்துக்கு மருந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு செம்புத் தண்ணீர். நெடுநாள் போவதாக இருந்தால் ஜாலிமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் தண்ணீர் நிரப்பிய கவரைக் கனமாக வைத்துவிட்டுப் போங்கள்.

பிளஷ் செய்தால் வாஷ்பேசின் 'களக் களக்' என்கிறது

குழாய் மூச்சுத் திணறுகிறது. தண்ணீர் வேகமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்று வர வேண்டும். அதற்காகத்தான் மொட்டை மாடிக்கு மேல் ஒரு காற்றுக் குழாய் போகிறது. அதில் பறவை கூடு கட்டியிருக்கலாம், சருகு அடைத்திருக்கலாம், மாடியில் புதிதாகக் கூரை போட்டவர்கள் மூடியும் இருக்கலாம். காற்று வர வழி இல்லாததால் பக்கத்து ட்ராப்பிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அதன் சத்தம் அது. மாடிக்குப் போய்ப் பாருங்கள். குழாய் திறந்திருந்தும் சத்தம் வந்தால் பொதுக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே வழிகிறது

மெஷின் ஒரேயடியாகத் தள்ளும் தண்ணீரைத் தரைக் குழாய் வாங்க முடியவில்லை. துண்டிலிருந்து உதிரும் பஞ்சு ஜாலியில் படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள். வெளியேற்றும் குழாயின் முனையில் பழைய நைலான் காலுறையைக் கட்டினால் பஞ்சு அதிலேயே தங்கும். வாரம் ஒரு முறை உதற மறக்காதீர்கள்.

கழிப்பறையில் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது

இரண்டாவது முறை பிளஷ் செய்யாதீர்கள். அரை மணி நேரம் விட்டு, மட்டம் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அரைகுறை அடைப்பு. ஒரு வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினால் பெரும்பாலும் விடும். இறங்கவே இல்லையென்றால் கழிப்பறைக்கென்றே இருக்கும், அடியில் நீட்டல் உள்ள பிளஞ்சர் வேண்டும். வெறும் கம்பியை விட்டால் பீங்கானில் கீறல் விழும்.

சானிட்டரி நாப்கினை இங்கே போடக் கூடாது என்பதற்கு ஒரே காரணம், அதனுள் இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதும். குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் காகிதம் போலத் தெரிந்தாலும் கரையாது. கழிப்பறையில் மூடியோடு ஒரு சின்னக் குப்பைத் தொட்டி வைத்துவிட்டால், வீட்டுக்கு வருகிற பெண்கள் யாரும் சங்கடப்பட வேண்டியிருக்காது.

பிளஷ் செய்தால் குளியலறைத் தரையில் தண்ணீர் பொங்குகிறது

அடைப்பு வீட்டுக்கு வெளியே. தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்திவிட்டுச் சேம்பர்களைப் பாருங்கள். வீட்டிலிருந்து தெருப் பக்கமாக ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே போங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள், திறந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும், காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில் இருக்கிறது அடைப்பு. எல்லாமே காலி என்றால் வீட்டுக்கும் முதல் சேம்பருக்கும் இடையில். எல்லாமே நிரம்பியிருந்தால் தெரு இணைப்பில். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், வந்த ஆள் நாலு இடத்தில் தரையை உடைக்க வேண்டியதில்லை.

நடுவில் உள்ள அடைப்பை நீள மூங்கில் பிளாச்சாலோ இணைக்கும் கம்பிகளாலோ மேலிருந்தே குத்தி எடுப்பார்கள். காலிச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பி வலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விட்டுப்போன கல்லும் துணியும் அடுத்த வளைவில் போய் உட்காரும். பழைய வீடுகளில் பூமிக்கடியில் பீங்கான் பூச்சு மண்குழாய் இருக்கும். அதன் இணைப்பு விரிசலில் வேப்பமர வேர் நுழைந்தால் முடிக்கற்றை போலப் படரும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அடைத்தால் வேரை வெட்டுவது தற்காலிகம்தான், அந்தத் துண்டுக் குழாயை மாற்ற வேண்டும்.

வேர் இல்லாமலே திரும்பத் திரும்ப அடைத்தால் வாட்டத்தைச் சந்தேகப்படுங்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடி நீளத்தில் இரண்டு முதல் மூன்று அங்குலம் இறக்கம் வேண்டும். வெளியே தெரிகிற குழாய் என்றால் ரசமட்டம் வைத்து நீங்களே பார்க்கலாம். புதிதாகக் குழாய் போடும்போது 90 டிகிரி முழங்கை வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு போடச் சொல்லுங்கள், திருப்பத்தில் திறந்து பார்க்க ஒரு மூடியும் கேளுங்கள். பூசி மூடிவிட்ட பிறகு அதைச் சேர்க்க முடியாது.

மழைக்காலத்தில் மட்டும் வருகிறது

ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பொங்குகிற வீடுகள் சென்னையில் ஏராளம். மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் இறக்கியிருப்பது பெரிய காரணம். கழிவுநீர்க் குழாய் அவ்வளவு தண்ணீருக்குப் போட்டதல்ல. தெரு முழுக்க இப்படி இறக்கினால் தாழ்வான வீட்டுக்குள் எல்லார் கழிவும் திரும்பி வரும். உங்கள் மாடித் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தாழ்வான வீடு என்றால் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு போட்டால் தெருத் தண்ணீர் திரும்பாது.

சென்னையில் கழிவுநீர் நிரம்பி வழிந்தால் குடிநீர் வாரியம், 1916. மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சி, 1913. தவறான இடத்தில் புகார் கொடுத்தால் ஒரு நாள் வீணாகிவிடும், அதனால் எந்த மூடி வழிகிறது என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

பாதாளச் சாக்கடை இல்லாத வீடு, எல்லாமே மெதுவாகப் போகிறது

செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். பொங்கும் வரை காத்திருந்தால் கசடு வெளிக்குழாயில் புகுந்து அதையும் அடைத்துவிடும்.

லாரி வந்து குழாய் விட்டு உறிஞ்சட்டும். அடியில் இறுகிய கசடு வரவில்லை என்றால் தண்ணீர் அடித்துக் கலக்கி மறுபடியும் உறிஞ்சச் சொல்லுங்கள். "ஒரு ஆள் இறங்கினா பத்து நிமிஷம் சார்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுகிற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கி வேலை வாங்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். வேலை கொடுத்த வீட்டுக்காரரும் அதில் அடக்கம்.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். முடிந்ததும் மூடியைச் சுற்றிச் சிமென்ட் பூசி, காற்றுக் குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டி, சுவரில் தேதியை எழுதி வைத்துவிடுங்கள்.